பழைய டைலை உடைக்காமல் புது டைல்: ஓர் ஒட்டுப்பசை மூட்டையின் மதிப்புரை

டைலின் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் 20 கிலோ ஒட்டுப்பசையை, கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டின் அடுப்படிச் சுவரில் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அடுப்படி 8 அடிக்கு 7 அடி. மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவரில் தொண்ணூறுகளில் பதித்த வெள்ளை டைல்கள் எண்ணெய்ப் புகை ஏறிப் பழுத்துப் போயிருந்தன. அவற்றைக் கொத்தி எடுத்தால் அடியில் உள்ள சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து பெயர்ந்து வரும். பிறகு செங்கல் வரை பிரித்துப் பூச வேண்டியிருக்கும். அந்த வேலையைக் கொத்தனார் இல்லாமல் வீட்டார் தாமே செய்ய முடியாது என்பதால்தான் இந்தப் பசையை நாடினோம். பசை சொன்னதைச் செய்கிறது, கொடுத்த காசுக்குத் தகும் என்பது என் கருத்து. ஆனால் அது பிடிப்பதற்கு வேண்டிய முன்வேலையைப் பற்றி மூட்டையின் மேல் இரண்டே வரிதான் அச்சிட்டிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. இதே தரத்தில் பல நிறுவனங்கள் பசை தயாரிக்கின்றன. வாங்குபவர் பார்க்க வேண்டியது பெயரை அன்று, ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணையும் அதனருகில் உள்ள வகை எண்ணையும்தான். முதல் வகை, புதுச் சிமென்ட் பூச்சின் மேல் சாதாரண செராமிக் டைல் ஒட்டப் போதுமானது. பழைய டைலின் மேல் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது மூன்றாம் வகை. வகை எண்ணோடு ‘டி’ (T) என்ற எழுத்தும் இருந்தால், செங்குத்துச் சுவரில் டைல் கீழே சரியாமல் நிற்கும் என்று பொருள். நாங்கள் விசாரித்த ஒரு கடையில் “எல்லாம் ஒரே கெமிக்கல்தான் சார்” என்று முதல் வகையையே எடுத்து வைத்தார்கள். மூன்றாம் வகையின் 20 கிலோ மூட்டை, 50 கிலோ சிமென்ட் மூட்டையைக் காட்டிலும் விலை கூடுதலாக இருப்பதால், வாங்க வருபவர் தயங்குவார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

சிமென்ட் பாலை வைத்தே ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிமென்ட் பால் பிடிப்பது, அடியில் உள்ள பரப்பின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகுவதால்தான். பழைய டைலின் பளபளப்பான மேற்பூச்சில் துளையே கிடையாது. அதன் மேல் வைக்கும் சிமென்ட் காய்ந்தபின் பலகையாகக் கழன்று வந்துவிடும். மூன்றாம் வகைப் பசையிலும் சிமென்டும் மணலும்தான் பெரும்பகுதி என்றாலும், அதில் கலந்திருக்கும் பாலிமர் என்ற பிசின் பொருள் துளையற்ற பரப்பையும் பற்றிக்கொள்கிறது. டைலைத் தண்ணீரில் ஊறப்போடும் பழைய வழக்கமும் இதற்குத் தேவையில்லை; டைலின் பின்புறத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இனி முன்வேலையைச் சொல்கிறேன். பழைய டைல் ஒவ்வொன்றையும் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் அது சுவரோடு இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் உள்ளே காற்று நிற்கிறது. அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பசையைப் போட்டாலும் இரண்டு டைலும் சேர்ந்தே விழும். அத்தகைய டைல்களை மட்டும் பெயர்த்து, குழியைச் சிமென்ட் கலவையால் நிரப்பிக் காயவிட வேண்டும். அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் துலக்கும் சோப்பு போதாது. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவினோம். கையால் தடவினால் வழுக்கல் இருக்கக் கூடாது. தெளித்த தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவலாகப் படர வேண்டும். கடைசியாக, கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டரில் வைரச் சக்கரம் பொருத்தி மேற்பூச்சைச் சொரசொரப்பாக்க வேண்டும். வீடு முழுவதும் தூசி பறக்கும் வேலை இது. நல்ல முகக்கவசம் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

கலவையில் மூட்டை சொல்லும் அளவை மீற வேண்டாம். முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் பொடியைக் கொட்டிக் கட்டியில்லாமல் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை கலக்கினால், கெட்டியான இட்லி மாவுப் பதம் வருகிறது. பிறகு தண்ணீர் சேர்த்து இளக்கினால் பிடிப்புக் குறையும். பற்கள் வெட்டிய கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாக இழுத்து, டைலை வைத்து அழுத்த வேண்டும். ஒட்டிய ஒரு டைலை உடனே பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்: பின்புறம் முழுவதும் பசை அப்பியிருந்தால் சரி, வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றால் அழுத்தம் போதவில்லை. பரப்பிய பசைக்கு 20 நிமிடம் நேரம் உண்டு என்கிறது மூட்டை. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் அதற்கு முன்பே மேலே ஏடு படிந்துவிடுகிறது. விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவதே வழி. சரியாமல் நிற்கும் என்ற வாக்குறுதி உண்மைதான். 12க்கு 18 அங்குல டைல் கையை எடுத்த பின்னும் இறங்கவில்லை. அப்படியிருந்தும் முதல் வரிசைக்கு அடியில் ரசமட்டம் பார்த்து ஒரு ரீப்பர் கட்டையை அடித்துக்கொண்டது நல்லதாயிற்று. பழைய வீட்டில் மேடையே மட்டமாக இருப்பதில்லை. 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மூட்டை ஏறக்குறைய 45 சதுர அடிக்கு வருகிறது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சிக்கல், சுவர் பருத்துவிடுவது. பசையும் டைலும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வருவதால், குழாய் திருகும் வாய் சுவருக்குள் போய்விடுகிறது. எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற நீட்டிப்புத் துண்டைப் போட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். சுவிட்ச் பெட்டிக்கு நீளமான திருகாணி தேவைப்படும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சுவிட்ச் பலகைகளை முதலிலேயே கழற்றி வைப்பது நல்லது.

டைல்களுக்கு இடையிலான இடுக்குகளை நிரப்ப எபாக்ஸி என்ற பிசின் கலவை வாங்கினோம். அடுப்புக்குப் பின்னால் அதுதான் சரி. வெள்ளைச் சிமென்டைப் போல மஞ்சள் கறையையும் எண்ணெயையும் உறிஞ்சுவதில்லை. ஆனால் தாமே செய்பவர்களுக்கு இது பசையைவிடக் கடினம். ரெசின் (பிசின்), ஹார்டனர் (அதை இறுகவைப்பது), பொடி மூன்றையும் எடை பார்த்துக் கலக்க வேண்டும். வெயில் ஏற ஏறச் சீக்கிரம் இறுகும். டைல் முகத்தில் படிந்ததை உடனுக்குடன் ஈரப் பஞ்சால் துடைக்காவிட்டால் பிறகு பிளேடால் சுரண்ட வேண்டியதுதான். காலையில், சிறு சிறு அளவாகக் கலந்து செய்வதே உசிதம். மேடையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எபாக்ஸி வேண்டாம், நெகிழ்ந்து கொடுக்கும் சிலிகான் போடுங்கள். அங்கே சிறு அசைவு எப்போதும் இருக்கும்.

டைல் இல்லாத சுண்ணாம்புச் சுவரின் மேல் இந்தப் பசையை நேரடியாகப் பூச நான் பரிந்துரைக்க மாட்டேன். உதிரும் காரையும் வெள்ளையடித்த படலமும் பசையோடு சேர்ந்து உரிந்து வரும். அந்த இடத்தில் காரையை எடுத்துவிட்டு, சிமென்ட், சுண்ணாம்பு, மணல் மூன்றையும் 1:1:6 என்ற விகிதத்தில் கலந்து பூசி, 28 நாள் கழித்து ஒட்டுவதே நல்லது. கூரை வரை டைல் ஏற்றும் இப்போதைய பழக்கத்தையும் நாங்கள் பின்பற்றவில்லை. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பழஞ்சுவருக்கு, அந்த ஈரத்தை வெளியே விட எங்காவது திறந்த பரப்பு வேண்டும். டைலுக்கு மேலே உள்ள பகுதிக்குப் பெயின்ட்கூட அடிக்காமல் சுண்ணாம்பே அடித்திருக்கிறோம்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பிரிக்காத மூட்டைக்கே பெரும்பாலும் ஓராண்டுதான் ஆயுள். மூட்டையின் மூலையை அழுத்தினால் உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அது ஈரம் குடித்த சரக்கு, வேறு மூட்டை கேளுங்கள். மிச்சமானதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளியில் மூடி வைத்தாலும் ஐப்பசி மழைக்கு முன் தீர்த்துவிடுவது நல்லது. நாங்கள் அதை அடுப்படி வாசற்படியில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு டைல்களுக்குப் பயன்படுத்தினோம்.