எஸ்ஓபியை வெட்டி ஒட்டுவதா, தனித்தனியாக எழுதுவதா?

அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிப்பவர்களில் பலர் எஸ்ஓபியை (ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ்: என்ன ஆய்வு, ஏன் அங்கே என்று சொல்லும் கட்டுரை) முதலில் எழுதி, அதையே வெட்டிச் சுருக்கி பர்சனல் ஸ்டேட்மெண்ட் (உங்கள் வாழ்க்கைப் பின்னணியைச் சொல்லும் கட்டுரை) ஆக்கிவிடுகிறார்கள். சிலர் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

முதல் வழியில் நேரம் மிச்சம், அதை மறுக்க முடியாது. எஸ்ஓபி மட்டும் கேட்கும் துறைகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. பெர்க்லி, மிச்சிகன், ஹார்வர்டு போல இரண்டையும் கேட்கும் இடங்களில்தான் வெட்டி ஒட்டுவது காலை வாரும்.

காரணம், கூறியது கூறல். இரண்டு கட்டுரையும் ஒரே விண்ணப்பத்தில் அடுத்தடுத்து இருக்கும். முதலாவதில் படித்த இறுதியாண்டு புராஜெக்டே இரண்டாவதிலும் வந்தால், உங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்லக் கிடைத்த 500 சொல்லும் வீண். ஒன்றில் எழுதியதை மற்றதில் திரும்ப எழுத வேண்டாம் என்று பெர்க்லி கேள்வியிலேயே சொல்லிவிடுகிறது. இன்னொன்றும் நடக்கும்: 1000 சொல்லை 500 ஆக்கும்போது முதலில் வெட்டுப்படுவது விவரம்தான். எந்த சென்சார் தவறான அளவு காட்டியது, ஏன், என்ன மாற்றினீர்கள் என்பதெல்லாம் போய், 'ஆர்வம் பிறந்தது', 'நிறையக் கற்றேன்' என்ற வரிகள் மட்டும் மிஞ்சும். அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

தனித்தனியாக எழுத, முதலில் ஒரு எக்செல் ஷீட் போடுங்கள். எட்டுப் பத்துச் சம்பவங்களை, ஒன்றுக்கு இரண்டு வரி வீதம் குறியுங்கள். எதிரே எஸ்ஓபி, பர்சனல் என்று இரண்டு கட்டம். ஒரு சம்பவத்துக்கு ஒரு டிக் மட்டும். ஆய்வுக் கேள்வி, செய்த வேலை, சேர விரும்பும் ஆய்வுக்குழு எல்லாம் எஸ்ஓபிக்கு. 1000 சொல் என்றால் செய்த வேலைக்கு 400, ஆய்வுக்குழுவுக்கு 150 ஒதுக்கலாம். வீட்டின் முதல் பட்டதாரி என்பது, தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியது, ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தது எல்லாம் பர்சனலுக்கு. 500 சொல்லில் இரண்டு சம்பவத்துக்கு மேல் திணித்தால் எதுவுமே நிற்காது. அரியர் இருந்தால் இரண்டே வரியில் காரணத்தையும் பிறகு எழுதித் தேறியதையும் சொல்லி நிறுத்துங்கள். விண்ணப்பத்தில் அதற்கெனத் தனிப் பெட்டி இருந்தால் அதில்.

இதற்குக் கூடுதலாக ஒரு வாரமாவது பிடிக்கும். கெடு டிசம்பர் 15 என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே ஷீட் தயாராக இருக்கட்டும். நான் சொல்வது பொறியியல், அறிவியல் துறைகளை வைத்து. எம்.பி.ஏ. கேள்விகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கேயும் இது அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் எழுதினாலும், அனுப்பும் முன் ஃபைலில் இதற்கு முன் விண்ணப்பித்த பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். அதோடு பேராசிரியர் பெயர், ஆய்வகம், ஊர், பட்டத்தின் பெயர் நான்கையும் தேடுங்கள். பல்கலைக்கழகப் பெயரை மாற்றியவர்கள்கூட ஊர்ப் பெயரை விட்டுவிடுவார்கள்.