டிராகனைட்டுக்கு எந்த மூவ்? போக்கிமான் கோ ஆட்டத்தில் என் நெடுநாள் அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே மூவ்செட், அதாவது தாக்கும் மூவ்களின் தொகுப்பு, டிராகனைட் என்ற டிராகன் வகைப் போக்கிமானுக்குக் கிடையாது. ரெய்டுக்கு (பலர் சேர்ந்து ஒரு வலுவான பாஸ் போக்கிமானை வீழ்த்தும் மோதல்) ஒன்று, லீக்குக்கு (மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுவது) ஒன்று என்று இரண்டு டிராகனைட் வைத்துக்கொள்வதுதான் சரி. ரெய்டுக்குப் போவதற்கு டிராகன் டெயிலும் அவுட்ரேஜும் வையுங்கள். மாஸ்டர் லீக் (போக்கிமானின் வலிமைக்கு வரம்பில்லாத லீக்) ஆடுவதற்கு டிராகன் பிரெத், டிராகன் கிளா, கூடவே சூப்பர்பவர். பல வருடமாக இந்த ஒரு போக்கிமானுக்கே கேண்டி, ஸ்டார்டஸ்ட் எனும் வளர்ப்புப் பொருள்களைக் கொட்டி வளர்த்தவன் நான். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டிராகனைட் சும்மா கிடைத்துவிடாது. அதன் குட்டி வடிவமான டிராட்டினியை டிராகனேர் ஆக்க 25 கேண்டி, டிராகனேரை டிராகனைட் ஆக்க 100 கேண்டி. 2016இல் ஆட்டம் வந்த புதிதில் ஜிம் (ஆட்டத்தில் போக்கிமான்கள் காவல் நிற்கும் இடம்) உச்சியில் ஒரு டிராகனைட் நின்றால் அந்தத் தெருவே அதைப் பற்றிப் பேசும். அன்று அதற்கு இருந்த நல்ல ஜோடி டிராகன் பிரெத், டிராகன் கிளா. 2017 பிப்ரவரியில் ஜோட்டோ பகுதிப் போக்கிமான்கள் வந்தபோது அந்த இரண்டையும் எடுத்துவிட்டு டிராகன் டெயில், அவுட்ரேஜ், ஹரிக்கேன் கொடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் கம்யூனிட்டி டே என்ற சிறப்பு நாளில் டிராக்கோ மீட்டியர் வந்தது. பிரெத்தும் கிளாவும் பிற்பாடு பட்டியலுக்குத் திரும்பிவிட்டன. ஆகவே உங்கள் பெட்டியில் கிடக்கும் பழைய டிராகனைட்டை எடுத்துப் பாருங்கள். எந்தக் காலத்தில் பரிணமித்ததோ அந்தக் காலத்து மூவ் அதில் அப்படியே இருக்கும். டிஎம் (மூவை மாற்றும் பொருள்) போட்டு அழிப்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.

ரெய்டுக்கு வருவோம். எதிரில் ஒரே ஒரு பாஸ், கையில் குறைந்த நேரம். விநாடிக்கு எவ்வளவு டேமேஜ் என்பதுதான் இங்கே கணக்கு. டிராகன் டெயில், டிராகன் பிரெத் இரண்டும் திரும்பத் திரும்பப் போட்டு எனர்ஜி சேர்க்கும் சின்ன மூவ்கள். டெயிலின் பவர் பிரெத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பார்த்தவுடன் டெயில் எங்கேயோ இருப்பதுபோல் தெரியும். ஆனால் பிரெத் அரை விநாடியில் முடிந்துவிடும், டெயிலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். நேரத்தால் வகுத்துப் பார்த்தால் டெயில் கொஞ்சம்தான் முன்னால் நிற்கிறது. எனர்ஜி சேரும் வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தாலும் ரெய்டில் அந்தக் கொஞ்சமே போதும், டெயிலை வையுங்கள்.

சார்ஜ்டு மூவில், அதாவது சேர்த்த எனர்ஜியைச் செலவழித்துப் போடும் பெரிய அடியில்தான் பெரிய சர்ச்சை. எனர்ஜிப் பட்டை எத்தனை பாராகப் பிரிகிறதோ, முழு எனர்ஜிக்கு அத்தனை அடி. அவுட்ரேஜ் 110 பவர், இரண்டு பார். டிராகன் கிளா இவற்றில் சின்ன அடி, மூன்று பார். டிராக்கோ மீட்டியர் 150 பவர், ஒரே ஒரு பார். டெயிலோடு சேர்த்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது டிராக்கோ மீட்டியர் அவுட்ரேஜைவிட நூற்றுக்கு நான்கு அளவுக்குத்தான் முந்தியது. கிளா சற்றுப் பின்தங்கியது. அந்த நான்கும் காகிதத்தில்தான். ஒரு பார் மூவுக்கு எனர்ஜி முழுவதும் நிரம்ப வேண்டும். பால்கியா, ரேக்வாசா மாதிரி பாஸ்கள் டிராகன் மூவ் வைத்திருந்தால் நம்முடைய டிராகனைட்டும் அதே டிராகன் வகை என்பதால் வாங்கும் அடி 1.6 மடங்கு. பார் நிரம்பும் நேரத்தில் டிராகனைட் விழுந்துவிடும், சேர்த்த எனர்ஜி அத்தனையும் வீண். அவுட்ரேஜில் அதற்குள் ஒரு முறையாவது அடித்திருப்போம். எலைட் டிஎம் (டிராக்கோ மாதிரி சிறப்பு மூவைத் தேர்ந்து கொடுக்க உதவும் அரிய பொருள்) கையில் இருந்தால் ரெய்டு டிராகனைட்டுக்காக அதைச் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எந்த பாஸுக்கு இதைக் கொண்டுபோவது என்பதும் முக்கியம். ரேக்வாசா டிராகனும் பறவையும் சேர்ந்தது. அதற்குப் பனி மூவ் 2.56 மடங்கு விழும், ஆகவே அங்கே பனி வகை மாமோஸ்வைன்தான் முதல் ஆள். பால்கியா நீரும் டிராகனும். நீர் வகை பனியைத் தாங்கிக்கொள்வதால் அங்கே டிராகன் அடிக்குத்தான் மதிப்பு. டிராகனைட்டை நம்பி இறக்க வேண்டிய இடம் அது. அட்டாக் எண்ணில் ரேக்வாசா 284, சாலமன்ஸ் 277, டிராகனைட் 263 என்றாலும் டிஃபன்ஸில் டிராகனைட்தான் அவை இரண்டையும்விட வலுவானது. காற்று வானிலை வந்தால் டிராகன் மூவுக்கு 1.2 மடங்கு கூடும். ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் நான் ரெய்டுக்கான நுழைவுச் சீட்டை மிச்சம் வைப்பதே இல்லை.

இனி லீக். எனக்கு டிராகனைட் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணமே இதுதான். டிரெய்னர் பேட்டில் 2018 டிசம்பரில் வந்தது, பேட்டில் லீக் 2020 தொடக்கத்தில் வந்தது. ரெய்டுக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது. மூவ்களுக்கு எண்களே வேறு. எதிரில் இருப்பது ஒரு மனிதர், அவரிடம் சார்ஜ்டு அடியைத் தடுக்கும் இரண்டு ஷீல்டு இருக்கிறது. எவ்வளவு பெரிய அடி என்பதைவிட எப்போது அடிக்கிறோம், அவருக்கு என்ன தெரிகிறது என்பதுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும்.

பிரெத் ஒரே டர்ன், அதாவது அரை விநாடி. டெயில் மூன்று டர்ன். டெயில் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிராளி போக்கிமானை மாற்றினால் அந்த ஒன்றரை விநாடி நாம் கட்டுண்டு கிடப்போம். பிரெத் என்றால் நினைத்த கணத்தில் சார்ஜ்டு மூவ் போடலாம், நினைத்த கணத்தில் மாற்றிக்கொள்ளலாம். லீக்கில் டெயில் வைத்து ஆடுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டிராகன் கிளா லீக்கில் 35 எனர்ஜிக்கு 50 டேமேஜ். டிராகன் வகையின் சொந்த மூவ் என்பதால் 1.2 மடங்கு சேர்ந்து 60. பெரிய அடி இல்லை. ஆனால் சீக்கிரம் வரும், வந்துகொண்டே இருக்கும். சூப்பர்பவர் 40 எனர்ஜிக்கு 85 டேமேஜ். இரண்டுக்கும் இடைவெளி 5 எனர்ஜிதான் என்பதைக் கவனியுங்கள். 40 சேர்த்துவிட்டுப் போடும்போது வருவது கிளாவா சூப்பர்பவரா என்று எதிராளியால் கண்டுபிடிக்க முடியாது. டையால்கா வைத்திருப்பவர் இந்த இடத்தில் படும் பாடு கொஞ்சமல்ல. டையால்கா எஃகும் டிராகனும். நம் டிராகன் அடி அதற்குச் சாதாரணமாகத்தான் விழும், கிளா 60தான். சூப்பர்பவர் போர் வகை என்பதால் எஃகு மேல் 1.6 மடங்கு, 136. அறுபதா நூற்றி முப்பத்தாறா என்று தெரியாமல் அவர் ஷீல்டு போட்டே ஆக வேண்டும், பல நேரம் அது கிளாவுக்குப் போய்விடும். மெல்மெட்டலிடமும் சூப்பர்பவர் இல்லாமல் பேச்சே இல்லை. முழு எஃகு என்பதால் டிராகன் அடி அங்கே 0.625 மடங்காகச் சுருங்கிவிடும்.

சூப்பர்பவர் போட்டால் நம் அட்டாக்கும் டிஃபன்ஸும் ஒவ்வொரு படி இறங்கும். டிராக்கோ மீட்டியர் போட்டால் அட்டாக் இரண்டு படி இறங்கும், அதாவது மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். டிராக்கோவுக்கு 65 எனர்ஜி, 150 டேமேஜ், 1.2 மடங்கு சேர்த்தால் 180. ஷீல்டு இல்லாத எதிரிமேல் விழுந்தால் அதைவிடச் சுகம் இந்த ஆட்டத்தில் இல்லை. போட்டவுடன் டிராகனைட்டை வெளியே மாற்றிவிடுங்கள், இறங்கிய அட்டாக் பழையபடி ஆகிவிடும். ஆனாலும் எதிராளி அணிகளில் எஃகு வகை அதிகம் வந்துகொண்டிருக்கும்வரை என் ஓட்டு சூப்பர்பவருக்கே. எஃகு குறைந்து டிராகன்களே டிராகன்களோடு மோதும் சீசன் வந்தால் டிராக்கோவுக்கு மாறலாம். எலைட் டிஎம் செலவழிக்கத் தகுந்த இடம் அது.

எதிரில் ஃபேரி வகை டோகெகிஸ் அல்லது சாசியன் வந்தால் எந்த மூவும் காப்பாற்றாது. ஃபேரி வகைமேல் டிராகன் அடி 0.39 மடங்குதான். டோகெகிஸ் பறவை வகையும் என்பதால் சூப்பர்பவருக்கும் அதே கதி. ஹரிக்கேன் வைத்தால் சாதாரண அடியாவது விழும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு எதிரிக்காக கிளாவையோ சூப்பர்பவரையோ விடுவது நஷ்டம். ஃபேரியைப் பார்த்ததும் மாற்றிக்கொள்ள மெட்டாகிராஸ் மாதிரி ஓர் எஃகு அணியில் இருக்கட்டும். ஸ்டீல் விங், ஹைப்பர் பீம் இரண்டையும் தாராளமாக மறந்துவிடலாம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது சார்ஜ்டு மூவைத் திறக்க 75,000 ஸ்டார்டஸ்ட்டும் 75 கேண்டியும் ஆகும். ரெய்டு டிராகனைட்டுக்கு இது தேவையில்லை. லீக்குக்கு இது இல்லாமல் இறங்கவே கூடாது. மாஸ்டர் லீக்கில் உருப்படியாக நிற்க லெவல் 50 வேண்டும், அதற்கு உயர் லெவலுக்கான எக்ஸ்எல் கேண்டி 296. ராக்கெட் ஆட்களிடம் (ஆட்டத்தின் வில்லன் கும்பல்) பிடித்த ஷேடோ டிராட்டினி இருந்தால் அதை ரெய்டுக்கு ஒதுக்குங்கள். ஷேடோவுக்கு அட்டாக் 1.2 மடங்கு, தாங்கும் சக்தி குறைவு. ஷேடோவோடு ஒட்டிவரும் ஃப்ரஸ்ட்ரேஷன் என்ற உதவாத மூவை மட்டும் சாதாரண நாளில் எடுக்க முடியாது. ராக்கெட் நிகழ்வு நடக்கும் நாட்களில் சார்ஜ்டு டிஎம் போட்டால் போய்விடும், அந்த நாளுக்காக இரண்டு மூன்று டிஎம் எடுத்து வைத்திருங்கள். முதல் டிஎம்மிலேயே அவுட்ரேஜ் வந்துவிடும் என்று நிச்சயம் இல்லை.