180 டாலர் போச்சு: "எல்லா ஓஎஸ்ஸிலும் ஓடும்" என்ற பைத்தான் பேக்கேஜ்

இன்று காலைதான் விற்றவர்களின் கடைசி பதில் வந்தது: பணம் திரும்பத் தர மாட்டார்களாம். சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

பழைய வரைபடக் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்க ஒரு பைத்தான் பேக்கேஜ் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தப் பாகம்) தேவைப்பட்டது. என் சர்வர் லினக்ஸ், கூட வேலை செய்பவரிடம் மேக், விண்டோஸ் வைத்திருப்பது ஒரு நண்பர் மட்டும். சாஃப்ட்வேர் பாகங்கள் விற்கும் ஒரு தளத்தில் "விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விலை 180 டாலர்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சோதனைப் பதிப்பின் வீல் கோப்புப் பெயர் (பைத்தான் பேக்கேஜ் வரும் கோப்பு வகைதான் வீல்) "பிஒய்3-நன்-எனி" என்று முடிந்தது. எந்த ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும் என்று அர்த்தம். பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் போட்டேன், லினக்ஸில் பிப் இன்ஸ்டால் சத்தமில்லாமல் முடிந்தது. இம்போர்ட் ஆனது, அதாவது நிரலுக்குள் ஏறியது, வெர்ஷனும் காட்டியது. அங்கேதான் நம்பினேன். கோப்பை மாற்றும் ஃபங்ஷன் மட்டும் லைசென்ஸ் வாங்கினால்தான் திறக்கும். சரி என்று கட்டிவிட்டேன்.

முதல் கோப்பிலேயே "வின்32காம் என்ற மாட்யூல் இல்லை" என்று விழுந்தது. வீல் என்பது வெறும் ஜிப்தானே, பிரித்துப் பார்த்தேன். அந்த ஃபங்ஷனுக்கு உள்ளே ஒளித்து வைத்த இம்போர்ட், பக்கத்தில் ஒரு டிஎல்எல், அதாவது விண்டோஸ் நிரல் கோப்பு. விண்டோஸின் காம் (நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் விண்டோஸ் முறை) பாகத்துக்கு மேலே பைத்தான் சட்டை மாட்டி 180 டாலருக்கு விற்றிருக்கிறார்கள்!

சப்போர்ட்டில் கேட்டால், "பைவின்32 போடுங்கள்" என்றார்கள். வின்32காம் அடங்கிய அந்தப் பேக்கேஜ் விண்டோஸுக்கு மட்டும்தான் வருகிறது, லினக்ஸில் பிப்புக்குக் கிடைக்கவே கிடைக்காது. அப்புறம் "டாக்கரில் ஓட்டுங்கள்" என்றார்கள், நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. லினக்ஸில் ஓடும் கன்டெய்னருக்கு உள்ளேயும் லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) தான், இது கூடவா தெரியாது? அடுத்து, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் கருவியான "வைன் முயன்றீர்களா?". முயன்றேன், இரண்டு இரவு. டிஎல்எல் ரெஜிஸ்டரே ஆகவில்லை.

கடைசியாக நண்பரின் விண்டோஸில் போட்டோம். "கிளாஸ் ரெஜிஸ்டர் ஆகவில்லை" என்றது. டிஎல்எல் 32 பிட், அவருடைய பைத்தான் 64 பிட். ஒரே புராசஸுக்குள் இரண்டும் சேராது. 32 பிட் பைத்தான் தனியாகப் போட்ட பிறகுதான் ஒரு கோப்பு மாறியது. இதைச் சொன்னதும் அவர்கள் பதில்: "அப்போ வேலை செய்கிறதே!" அதற்குள் பணம் திரும்பக் கேட்கும் கெடு 14 நாளும் முடிந்திருந்தது. என் 180 டாலர் அவ்வளவுதான்.

விரிவாக வழிகாட்டி எழுத நினைத்தேன், மனசு சரியில்லை. அவசரமாகச் சில: வாங்கும் முன் வீலைப் பிரித்து வின்32காம், விண்டிஎல்எல் (டிஎல்எல்லை ஏற்றும் பைத்தான் வழி), டிஎல்எல் என்று தேடுங்கள். இம்போர்ட் ஆவதை நம்பாதீர்கள், உங்கள் கோப்பு ஒன்றை உங்கள் சர்வரிலேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். 32 பிட்டா 64 பிட்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு விண்டோஸ் மெஷினில் அதை ஓட்டி, லினக்ஸிலிருந்து ஹெச்டிடிபி வழியாகக் கோப்பை அனுப்பி வாங்கலாம். நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். அந்த மெஷினுக்கு மாத வாடகை வேறு.