தினமும் பதிவிடும் பாட்: மஸ்டோடானா, ப்ளூஸ்கையா? அழிக்கும்போதுதான் தெரியும்

மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் காலையில் பதிவிடும் ஒரு பாட் கணக்கை, அதாவது ஸ்க்ரிப்ட் என்ற சிறு நிரல் தானாக நடத்தும் கணக்கை, எடுத்துக்கொள்வோம். பதிவிடுவது பெரிய வேலையில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முந்தைய எண்ணை இன்றைய எண் என்று நினைத்து யாராவது பகிர்ந்துவிடுவார்கள், ஆகவே பழையதை அழிக்க வேண்டும். "போன ஜூன் 12-ல் எத்தனை அடி இருந்தது?" என்று கேட்டால் தேடி எடுக்கவும் முடிய வேண்டும். போட, அழிக்க, தேட: மஸ்டோடான், ப்ளூஸ்கை என்ற இரண்டு சமூக ஊடகத் தளங்களில், மூன்றையும் ஸ்க்ரிப்டிடம் விடுவதென்றால் என் ஓட்டு ப்ளூஸ்கைக்கு. பதிவிடுவது மட்டும்தான் வேலை என்றால் மஸ்டோடான் போதும், அதுதான் சுலபமும்கூட.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) பற்றி இரண்டு வரி. நிரல்கள் தளத்தோடு பேசும் வழியான பழைய இலவச ஏபிஐ 2023-ல் மூடப்பட்ட பிறகு, சொந்தப் பதிவுகளைப் படிக்கவே காசு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினம் ஒரு பதிவு போடும் பாட்டுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

பதிவிடுவதில் மஸ்டோடான் முந்துகிறது. அமைப்புகளில் டெவலப்மென்ட் பக்கத்துக்குப் போய் ஒரு அப்ளிகேஷன் உருவாக்கி, வாசிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்தால், கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஸ்க்ரிப்ட் காட்டும் டோக்கன் கிடைக்கும். நீங்களாக ரத்து செய்யாதவரை அது பாட்டுக்கு வேலை செய்யும். ஹேஷ்டேக்கையும் இணைப்பையும் சர்வரே அடையாளம் கண்டுகொள்கிறது. குறைந்தது 5 நிமிடம் தள்ளி நேரம் குறித்து அனுப்பினால் சர்வரே வரிசையில் வைத்துப் பதிவிடும். நெட் பாதியில் அறுந்து, ஸ்க்ரிப்ட் மறுபடி அனுப்பினாலும் இரட்டைப் பதிவு விழாது. கோரிக்கையின் தலைப்பில் (ஹெடர்) ஐடெம்பொடென்சி கீ என்று ஒரு தனி அடையாளம் சேர்த்தால் போதும்.

ப்ளூஸ்கையில் இந்தச் சொகுசு எதுவும் இல்லை. இணைப்பும் ஹேஷ்டேக்கும் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஃபேசட் என்ற தகவலாக நாமே கொடுக்க வேண்டும். அதையும் எழுத்தில் எண்ணாமல், உரை சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 குறியீட்டின் பைட்டில் எண்ண வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். "நீர்மட்டம் 92 அடி #மேட்டூர்" என்ற பதிவைப் பாருங்கள். பைத்தானில் எண்ணினால் ஹேஷ்டேக் 18-ல் தொடங்கி 27-ல் முடியும். அதையே ஃபேசட்டில் கொடுத்தால் நீலநிறம் "மேட்டூர்" மேல் விழாமல் "நீர்மட்டம்" என்ற சொல்லின் நடுவில், "ட்" மேலுள்ள புள்ளியிலிருந்து தொடங்கும். காரணம், தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் 3 பைட். "மேட்டூர்" என்பது 8 குறி, ஆக 24 பைட். சரியான எல்லை 44 முதல் 69 வரை. ஹேஷ்டேக்குக்கு முன்னால் உள்ள துண்டையும் ஹேஷ்டேக்கையும் தனித்தனியே யூடிஎஃப்-8 ஆக மாற்றி நீளம் எடுத்தால் பிசகாது. எண்ணுவதற்கு முன் உரையை, ஒரே எழுத்துக்கு ஒரே குறிவரிசை தரும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் "கொ" சில சமயம் 2 குறியாகவும் சில சமயம் 3 குறியாகவும் வந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை: 300 என்ற பதிவு வரம்பை மட்டும் ப்ளூஸ்கை பைட்டில் எண்ணுவதில்லை. நம் பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி மே, ட், டூ, ர் என்று நாலு எழுத்தாகவே எண்ணுகிறது.

உள்நுழைவிலும் கவனம் வேண்டும். ஆப் பாஸ்வேர்ட் (ஸ்க்ரிப்டுக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொல்) கொடுத்து செஷன் வாங்க, அதாவது உள்நுழைய, ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 300 முறைதான் அனுமதி. 5 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடும்படி குறித்துவைத்த கிரான் வேலை ஒவ்வொரு தடவையும் புதிதாக உள்நுழைந்தால் 288 போய்விடும். அதே கணக்கில் இன்னொரு ஸ்க்ரிப்டும் இருந்தால் சாயங்காலத்துக்குள் 429 பிழைதான், வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள். மறுபடி உள்நுழையாமல் செஷனைப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் கோப்பில் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரும் புதிய டோக்கனையும் பழையதன்மேல் எழுத மறக்காதீர்கள். ஐடெம்பொடென்சி கீ இல்லாததால், பதில் வராமல் நின்றுபோனால் கடைசிப் பதிவை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி அனுப்ப வேண்டும்.

இவ்வளவு தொல்லை கொடுப்பதற்கு ஏன் ஓட்டு? அழிப்பதற்காக.

மஸ்டோடான் ஏபிஐயில் ஒரு கணக்குக்கு வழக்கமான வரம்பு 5 நிமிடத்துக்கு 300 கோரிக்கை. தாராளம்தான். ஆனால் பதிவை அழிப்பதற்கு மட்டும் தனி வரம்பு: 30 நிமிடத்துக்கு 30. நாள் முழுக்க நிற்காமல் ஓடினாலும் 1,440 தாண்டாது. 12,000 பழைய பதிவு இருந்தால் எட்டு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் மின்சாரம் போனாலோ லேப்டாப்பை மூடினாலோ விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஸ்க்ரிப்டை எழுதியிருக்க வேண்டும். இந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் உண்டு: மஸ்டோடான் என்பது தனித்தனியாக நடத்தப்படும் பல சர்வர்கள் சேர்ந்த வலை. ஒரு பதிவை அழித்தால் அதைப் பெற்ற மற்ற சர்வர்களுக்கெல்லாம் "அழித்துவிடு" என்று செய்தி போக வேண்டும்.

மஸ்டோடான் அமைப்புகளிலேயே தானியங்கி அழிப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல வசதி. ஒரு வாரம் முதல் இரண்டு வருடம் வரை வயது வரம்பு வைக்கலாம். முகப்பில் குத்திவைத்ததையும் (பின் செய்ததையும்) நீங்களே புக்மார்க் செய்ததையும் விட்டுவைக்கச் சொல்லலாம். நிரல் எழுதாதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரச்சினை என்னவென்றால், சர்வர் ஓய்வாக இருக்கும்போதுதான் அது மெல்ல அழிக்கும். 30 நாள் என்று வைத்தால் 30-ஆம் நாளே போய்விடும் என்ற உறுதி இல்லை. "நீர்மட்டம் என்ற சொல் இருந்தால் மட்டும் அழி" என்று சொல்லவும் வழியில்லை.

ப்ளூஸ்கை கணக்கு வேறு மாதிரி. புதுப் பதிவுக்கு 3 புள்ளி, அழிக்க 1 புள்ளி, செலவழிக்கக் கிடைப்பது மணிக்கு 5,000 புள்ளி, நாளுக்கு 35,000. அதே 12,000 பதிவு மூன்று மணி நேரத்துக்குள் காலி. அப்ளைரைட்ஸ் என்ற அழைப்பில் ஒரே தடவைக்கு 200 வரை சேர்த்து அனுப்பலாம். அப்போதும் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். இந்த எண்கள் ப்ளூஸ்கை நிறுவனமே நடத்தும் சர்வரில் உள்ள கணக்குகளுக்கானவை. சொந்தமாக பிடிஎஸ் (கணக்கின் தரவை வைத்திருக்கும் சர்வர்) நடத்துகிறவர்கள் தங்கள் அமைப்பைப் பார்த்துக்கொள்ளவும்.

வேகத்தைவிட முக்கியம் பட்டியல். ப்ளூஸ்கையில் உங்கள் பதிவுகள் எல்லாம் உங்கள் ரெப்போ என்ற கிடங்கில் தனித்தனி ரெக்கார்டாக இருக்கின்றன. லிஸ்ட்ரெக்கார்ட்ஸ் அழைப்பு 100, 100 ஆக, அடுத்த பக்கத்தைக் காட்டும் கர்சர் தீரும்வரை ஒன்று விடாமல் கொடுக்கும். வரிசை இதுதான்: முதலில் எல்லாவற்றையும் இறக்கி எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தில் சேமியுங்கள். பிறகு தேதியும் சொல்லும் பார்த்து வடிகட்டுங்கள். அழிக்கப்போவதை ஒருமுறை திரையில் அச்சிட்டுக் கண்ணால் பார்த்துவிட்டு, பின் செய்த பதிவை விலக்கி, அதன்பிறகே அழியுங்கள். தேதி யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருப்பதால் நம்மூர் காலை 5.30-க்கு முன் போட்டவை முந்தின நாள் கணக்கில் நிற்கும். லைக்கும் ரீபோஸ்ட்டும் தனித் தொகுப்புகள். பதிவை மட்டும் அழித்தால் அவை அப்படியே கிடக்கும். இரண்டு தளத்திலும் ஒன்று உண்டு: வேறு யாராவது ஏற்கெனவே நகல் எடுத்திருந்தால் அதை நம்மால் தொட முடியாது.

தேடலில் இரண்டையுமே நம்ப வேண்டாம். மஸ்டோடானில் முழு உரைத் தேடல் வேண்டுமென்றால் சர்வர் நடத்துகிறவர் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். நிறுவியிருந்தாலும், கூடவே வரும் சொல்வேர் பிரிப்பு ஆங்கிலத்துக்கானது. "அணை" என்று தேடினால் "அணையின்" அகப்படாது. ப்ளூஸ்கைத் தேடலில் ஆசிரியர், தேதி வடிகட்டிகள் உண்டு. ஆனால் அழித்த பதிவு அங்கே எப்படி வரும்? ஆகவே தேட வேண்டிய இடம் நீங்கள் இறக்கி வைத்த எஸ்க்யூலைட் கோப்புதான்.

அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. எஸ்க்யூலைட்டின் உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-இன் இயல்பான சொல் பிரிப்பி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் இடைவெளியாக எடுத்துக்கொள்கிறது. "தமிழ்" என்பது "தம", "ழ" என்று இரண்டு துண்டாகிவிடும். அட்டவணை உருவாக்கும்போதே, இந்தக் குறிகள் அடங்கிய யூனிகோட் மார்க் வகைகளையும் எழுத்தோடு சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது மூன்று மூன்று குறியாக வெட்டும் டிரைகிராம் பிரிப்பியைப் போடுங்கள். முதல் வழியில் "அணை" என்பதன் பின்னால் நட்சத்திரக் குறி சேர்த்தால் "அணையின்", "அணைக்கு" எல்லாம் வரும். "ஆறு" அப்படி வராது. "ஆற்றில்" வேண்டுமானால் "ஆற்" என்று வெட்டித்தான் தேட வேண்டும்.