தோத் டாரட் கட்டு: எட்டு மாதப் பயமும் நாலு வருடப் பழக்கமும்

பர்மாவில் மோல்மீனில் இருக்கும் தோழி போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, குறி பார்க்க நீங்க வச்சிருக்கிற அந்தத் தோத் டாரட் சீட்டுக்கட்டை வாங்கலாம்னு இருக்கேன். ஆனா அது வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?" அவள் கேட்ட நேரத்தில் நான் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, பஞ்சில் யூக்கலிப்டஸ் தைலத்தைத் தொட்டு, அதே கட்டின் சீட்டுகளில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சலில் ஏதோ சொல்லிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சீட்டு எடுத்துப் பழகியவர்களுக்காகத்தான் இது. எந்தச் சீட்டுக்கு என்ன பொருள் என்று விளக்கப் போவதில்லை.

பெரியம்மா மகன் சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். அதுவரை என்னிடம் இருந்தது பலரும் வைத்திருக்கும் ரைடர் டாரட் கட்டு மட்டும்தான். பெட்டியைப் பிரித்ததும் எண்ணிப் பார்த்தேன், 80 இருந்தது. டாரட் கட்டில் 78 இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கூட. திரும்ப எண்ணினேன், அப்போதும் 80. மேகஸ் என்ற மந்திரவாதிச் சீட்டு மூன்று விதமாக இருந்தது. வரைந்தவர் அந்த ஒரு சீட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார், ஸ்விட்சர்லாந்தில் அச்சிட்டபோது அவற்றையும் சேர்த்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று அது தெரியாது. ராத்திரி, கரண்டு இல்லை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்குக்கு மேல் இரண்டு சீட்டு. கை ஜில்லிட்டுப் போனது.

கட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். அலிஸ்டர் க்ரௌலி. இந்தக் கட்டைத் திட்டமிட்ட ஆங்கிலேய மந்திரவாதி. தன்னை 666 என்ற எண்ணுக்குரிய மிருகம் என்று சொல்லிக்கொண்டவர். 1923-ல் லண்டன் பத்திரிகை ஒன்று அவரை உலகத்திலேயே மிகக் கொடிய மனிதர் என்று தலைப்புப் போட்டு எழுதியது. கட்டு வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் எங்கள் அம்மா மழை ஈரத்தில் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டில் அடிபட்டுக்கொண்டார். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. "அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்துதான்" என்று ஆரம்பித்தவர், ஆற்றில் விட்டுவிட்டு வரச் சொன்னார். நானும் பையில் போட்டுக்கொண்டு ரங்கூனின் பொட்டத்தாங் படகுத்துறை வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது, தம்பி தன் சம்பளத்தில் வாங்கி வந்தது என்ற நினைப்பு வந்தது. திரும்பி வந்து, சிவப்புத் துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்தேன். எட்டு மாதம் அப்படியே கிடந்தது. அந்த அறையில் தனியாகத் தூங்க மாட்டேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் அசைந்தது படங்களை வரைந்தவரைப் பற்றிப் படித்துத்தான். இந்தச் சீட்டுகளை க்ரௌலி வரையவில்லை. அவர் சொல்லச் சொல்ல வரைந்தவர் ஃப்ரீடா ஹாரிஸ் என்ற பெண்மணி. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் மனைவி. 1938-ல் ஆரம்பிக்கும்போது அவருக்கு அறுபது வயது. 1943 வரை ஐந்து வருடம், லண்டனில் குண்டு விழுந்த வருடங்களையும் சேர்த்து, நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். பிடிக்காததைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். க்ரௌலி 1947-ல் போய்ச் சேர்ந்தார். ஃப்ரீடா 1962-ல் நம் பக்கத்து நாட்டில், காஷ்மீரத்து ஸ்ரீநகரில் இறந்தார். கட்டு முதலில் அச்சாகி வெளிவந்தது 1969-ல். தான் வரைந்தது ஒரு கட்டாக யாருடைய கையிலாவது இருப்பதை அந்த அம்மாள் பார்க்கவே இல்லை. இதைப் படித்த அன்று பெட்டியைக் கீழே இறக்கினேன்.

எடுத்த முதல் சீட்டு கோபுரம். இடிந்து விழும் கோபுரத்துக்கு மேலே பெரிய கண் ஒன்று திறந்திருக்கிறது, கீழே நெருப்பைக் கக்கும் வாய். அது சிவனுடைய கண், திறந்தால் பிரபஞ்சம் அழியும் என்று க்ரௌலியே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நெற்றிக்கண்! திரிபுரம் எரித்த கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவள் நான். அனவ்ரதா சாலையில் நம் ஆட்கள் 1871-ல் கட்டிய காளி கோயிலில், மண்டையோட்டு மாலை போட்டவளுக்கு முன்னால்தான் என் மகனுக்கு மொட்டை போட்டேன். அங்கே நெஞ்சு நிறைகிறது, இங்கே ஒரு கண்ணைப் பார்த்து நடுங்குவானேன்? சாத்தான் சீட்டில் இருக்கும் ஆட்டையும் அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். வளைந்த பெரிய கொம்பு, நெற்றியில் ஒரு கண், கொஞ்சம் சிரிப்பது போன்ற முகம்.

அப்புறம்தான் ரங்கூன் விஷயம் தெரிய வந்தது. எனக்கு இந்தக் கட்டு வேறு ஒன்றாக மாறியது அங்கேதான்.

க்ரௌலிக்கும் நமக்கும் இவ்வளவு பக்கத்தில் தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவருடைய நெருங்கிய நண்பர் ஆலன் பென்னட், இலங்கையில் பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். பிறகு பர்மாவுக்கு வந்து அக்யாப் ஊரில் பௌத்தத் துறவியாகி ஆனந்த மெத்தேய்யா ஆனார். 1902-ல் க்ரௌலி அவரைப் பார்க்க அக்யாபுக்கு வந்திருக்கிறார். 1905-ல் கஞ்சன்ஜங்கா மலையேற்றம் சாவில் முடிந்த பிறகு மறுபடியும் பர்மா வந்து, மனைவி ரோஸையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு சீனாவுக்குள் போனார். முடிவில் அவர் ஒரு பக்கம், மனைவியும் குழந்தையும் ஒரு பக்கம் என்று பிரிந்து ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். 1904-ல் பிறந்த அந்தப் பெண் குழந்தை 1906-ல் டைபாய்டு வந்து ரங்கூனில் இறந்துபோனது. இரண்டு வயது கூட நிரம்பவில்லை. தகப்பன் பக்கத்தில் இல்லை. செய்தி இங்கிலாந்தில் போய் இறங்கிய பிறகுதான் அவருக்குக் கிடைத்தது.

இதே ஊர். நான் தினமும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கிற ஊர்.

என் மகனுக்கு மூன்று வயதில் டைபாய்டு வந்தது. பதினாறு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. ஈரத்துணியை நெற்றியில் போடுவேன், போட்ட கையோடு அது சூடாகிவிடும். பிழைத்துக்கொண்டான், அந்த அம்மன் புண்ணியம். ஆனால் அந்தப் பதினாறு நாளும் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "தண்ணியைக் கொதிக்க வச்சியா?" என்பதுதான். வைத்தேன். ஒவ்வொரு நாளும் வைத்தேன். க்ரௌலி என்ன செய்தார் தெரியுமா? பால் புட்டியைச் சுத்தமாக வைக்கவில்லை என்று பழியை மனைவி மேலேயே போட்டார். வேற்று ஊரில், தெரியாத மொழியில், தன்னந்தனியாகச் சாகிற குழந்தையை மடியில் வைத்திருந்தவள் மேல்.

அதைப் படித்த அன்றோடு பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. பேய் பிசாசு என்று நடுங்குவதற்கு அந்த ஆளிடம் ஒன்றும் இல்லை. பெண்டாட்டி மேல் பழி போட்ட புருஷன், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆளைக் கண்டு பயந்து எட்டு மாதம் வேறு அறையில் தூங்கினேனே என்று இருந்தது. அன்றிலிருந்து இது எனக்கு ஃப்ரீடாவின் கட்டு. நாலு வருடமாக இதைத்தான் எடுக்கிறேன், ரைடர் கட்டைத் தொட்டே நாளாகிறது.

இனி இதன் தொல்லையைச் சொல்ல வேண்டும். இரண்டு முதல் பத்து வரை எண் போட்ட சிறு சீட்டுகளின் அடியில் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் அச்சாகியிருக்கிறது. 'ரூயின்' என்றால் நாசம். 'க்ரூயல்ட்டி' என்றால் கொடுமை. 'சாரோ' என்றால் துயரம். முன்னால் உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் சொல்லைப் படித்துவிடுகிறார். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜூலையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தடவைதான் அந்தத் தேர்வு. "சயாமா (டீச்சர்), எனக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள்" என்று ஆசையாக வந்தாள். கோல், கோப்பை, வாள், வட்டு என்ற நாலு இனத்தில் வந்தது வட்டுகளில் ஏழு. அடியில் 'ஃபெய்லியர்'. தோல்வி. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். வாய்விட்டுப் படித்தாள், முகம் வெளுத்துப் போனது. அந்த முறை தேர்வு எழுதவில்லை. அரை வருடம் வீணானது. அவள் அம்மா அவளை ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கூட்டிப்போய், சனிக்கிழமை பிறந்தவர்களுக்கான நாகர் மூலையில் தண்ணீர் ஊற்ற வைத்தார். சூலே பகோடாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜோசியர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டதைச் சொன்னால் கூடவே ஒரு பரிகாரமும் சொல்வார்கள், பறவையை விடு, பூ வை என்று. வந்தவர் எழுந்து போகும்போது கையில் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும். இந்தக் கட்டு நாசம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான். க்ரௌலி மந்திரம் படித்த கோல்டன் டான் என்ற இங்கிலாந்து ரகசியச் சபையில் அந்த ஏழாம் சீட்டுக்குப் பெயர் 'நிறைவேறாத வெற்றி' என்றுதான் இருந்தது. அதை அவர் 'தோல்வி' என்று சுருக்கினார். கோப்பைகளில் எட்டு 'கைவிட்ட வெற்றி' என்று இருந்தது, அதைச் 'சோம்பல்' ஆக்கினார். நிறைவேறாத வெற்றி என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் டிசம்பர் வரை காத்திருந்திருக்க மாட்டாள். ஒரு சொல் சுருங்கியதில் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் போனது.

இன்னொரு பக்கம், சீட்டிலேயே கிரகமும் ராசியும் குறியாகப் போட்டிருப்பது நமக்குப் பெரிய வசதி. வட்டுகளில் ஏழுக்கு ரிஷபத்தில் சனி. மெதுவாக விளைகிற நிலத்தில் மெதுவாக நடக்கிற கிரகம், விளைச்சல் தள்ளிப் போகும் என்று ஜாதகம் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம். 'துயரம்' என்று எழுதியிருக்கும் வாள்களில் மூன்றுக்கு என்ன குறி தெரியுமா? துலாத்தில் சனி. நம் கணக்கில் உச்சம்! அந்தச் சீட்டு வரும்போதெல்லாம் நான் சொல்லை விட்டுவிட்டுக் குறியைத்தான் பேசுவேன். இந்தச் சுகம் ரைடர் கட்டில் கிடைக்கவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சொற்களையெல்லாம் மறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மருந்துக் கடையில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைக் காகித டேப்பை மெல்லிசாக வெட்டி, முப்பத்தாறு சிறு சீட்டுகளுக்கும் ஒட்டினேன். வெயில் காலம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. மழை பிடித்ததும் பசை இளகி ஓரத்தில் வழிந்தது. சீட்டு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆறு, ஏழு சேர்ந்து ஒரு பலகை மாதிரி வந்தது. நகத்தால் பிரித்ததில் வட்டுகளில் ஏழின் கீழ் ஓரம் கிழிந்துபோனது. தைலம் தொட்ட பஞ்சால் மெதுவாக ஒரே பக்கமாகத் துடைத்தால் பசை வருகிறது, படம் போவதில்லை. அழுத்தித் தேய்த்தால் மேல் பூச்சு மங்குகிறது, இரண்டு சீட்டில் கற்றுக்கொண்டேன். துடைத்து, காற்றில் உலர்த்தி, முகப்பவுடர் லேசாகத் தடவி, இப்போது செருப்புப் பெட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் ஜெல் பொட்டலங்களோடு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். என்னுடையது பெரிய அளவுக் கட்டு, கையில் அடங்காது. பாயில் பரப்பித்தான் கலைக்க வேண்டும். தனக்கா என்ற பர்மிய மரப்பட்டைச் சாந்து பூசிய கையோடு தொடாமல் இருப்பது நல்லது, ஓரம் மஞ்சளாகிவிடுகிறது.

தங்கச்சி, உனக்கு என் பதில் இதுதான். வீட்டுக்கு ஆகாது என்பதில் உண்மை இல்லை. நாலு வருடத்தில் நல்லதும் கெட்டதும் எல்லா வீட்டையும் போலத்தான் எங்கள் வீட்டிலும் நடந்தது. படங்களைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் கட்டை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் நீ வாங்காதே. நீ மற்றவர்களுக்குச் சீட்டு எடுப்பவள். உன்னிடம் வருபவர்கள் மனசு உடைந்து வருகிறவர்கள். அவர்களுக்கு முன்னால் அந்தச் சொற்களை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மழை விட்டதும் ரங்கூனுக்கு வா, என்னுடையதைப் பரப்பி வைக்கிறேன், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்.

பூஜை அறையில் மட்டும் வைக்காதே என்று அம்மா அன்றைக்குச் சொன்னார். அதை நான் இன்றுவரை மீறவில்லை. தையல் மெஷின் இழுப்பறையில்தான் இருக்கிறது.