பிளேன் சத்தம் பிடிக்க ஓடியோமொத் ரெக்கோடர்: மணல்காட்டில வச்சுப் பாத்த அனுபவம்

நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, மூண்டு டபுள்ஏ பற்றரி, ஒரு மைக்ரோஎஸ்டி காட், அவ்வளவுதான் ஓடியோமொத், வெளியில வச்சிட்டு வந்தா தன்ர பாட்டில சத்தம் பதியிற ரெக்கோடர். கனபேர் இதை வௌவாலுக்கும் குருவிக்கும்தான் வாங்குறவை, நான் வாங்கினது பிளேன் சத்தத்துக்கு. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில இருக்கிற மணல்காட்டு ஊரின்ர மணல்மேட்டில மூண்டு கிழமை வச்சு எடுத்துப் பாத்திட்டுத்தான் எழுதுறன்.

முதல் ஒரு மலிவான டெசிபல் மீற்றர் வாங்கினனான், உந்த வேலைக்கு அது சரிவரேல்லை. அந்த மாதிரி மீற்றருகள் 30 டெசிபலுக்குக் கீழ காட்டாது. அமெரிக்காவில கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவில ஒதுக்குப்புறமான இடங்களில 20க்கும் கீழ போகும், அப்பிடி ஒரு அமைதியில எங்கயோ தூரத்தில போற பிளேனும் காதுக்குள்ள வந்து நிக்கும். அங்க 1986இல சுத்திக்காட்டுற பிளேனும் ஹெலியும் மோதி 25 பேர் செத்தாப்பிறகு, 1987இல சட்டம் போட்டு இயற்கையான அமைதியைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னவை. பிறகு அதுக்கு ஒரு அளவும் வச்சவை, பார்க்கின்ர அரைவாசி இடத்திலயாவது பகலில நூற்றுக்கு 75 பங்கு நேரம் பிளேன் சத்தமே கேக்கக்கூடாது எண்டு. எவ்வளவு பெரிய சத்தம் எண்டதை விட எவ்வளவு நேரம் கேட்டது எண்டதுதான் அதில கணக்கு, அந்தக் கணக்குக்கு இந்தக் குட்டிச் சாமான் நல்லாக் காணும்.

செற்றிங்கில ஒரு விசயம் கவனியுங்கோ. 48 கிலோஹேர்ட்ஸில (செக்கனுக்கு 48,000 தரம் சத்தத்தை அளந்து பதியிறது) விட்டா ஒரு நாளுக்கு 8 ஜிபி தாண்டும், 32 ஜிபி காட் நாலு நாள் கூடத் தாங்காது. பிளேன் சத்தம் அடித்தொண்டைச் சத்தம், 8 கிலோஹேர்ட்ஸ் தாராளம், அதே காட் மூண்டு கிழமை வரும். பற்றரியைக் கழட்டினா நேரத்தைத் திருப்பி செற் பண்ணோணும், மறந்தா எடுத்த முழுக்க வீண்.

பெரிய எதிரி காத்துத்தான். சவுக்கு மரத்தில கட்டின முதல் நாள் முழுக்க சோளகக் காத்தில இலை இரைஞ்ச சத்தம்தான் விழுந்தது, பிறகு மேட்டுக்குப் பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடி நட்டு மைக்குக்கு ஸ்பொன்ச் போட்டு வச்சாப்பிறகுதான் வடிவா வந்தது. சத்தத்தை லப்டொப்பில படமாப் போட்டுப் பாத்தா (நேரம் குறுக்கால, அடித்தொண்டைச் சத்தம் கீழ, கீச்சுச் சத்தம் மேல) காத்து அடியில புகை மாதிரிக் கிடக்கும், பிளேன் ஒண்டுக்கு மேல ஒண்டா கோடு கோடா வந்து தலைக்கு மேல தாண்டேக்க எல்லாக் கோடும் சேந்து கீழ சரியும். பலாலி விமான நிலையத்துக்கு சென்னையில இருந்து வாற ஏரிஆர் 72க்கு ஒரு காத்தாடியில ஆறு இதழ், நிமிசத்துக்கு 1200 சுத்து, அப்ப செக்கனுக்கு 120 தரம் இதழ் காத்தை அடிக்கும், முதல் கோடு 120 ஹேர்ட்ஸில அல்லது சுத்துக் குறைஞ்சா 100க்குக் கிட்ட நிக்கும். வள்ளத்து எஞ்சினும் கோடுதான் போடும், ஆனா அது அலையில ஏறி இறங்க நடுங்கிக்கொண்டு கனநேரம் இழுபடும். இரண்டையும் பிரிச்சுப் பிடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது, பிடிபட்ட அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்லை, அவ்வளவு சந்தோசம்.

குறை எண்டா, டெசிபல் கணக்கு நம்பிக்கையாச் சொல்லாது. திணைக்களத்துக்கோ கோட்டுக்கோ காட்டோணுமெண்டா கிளாஸ் 1 எண்ட துல்லியம் கூடின தரத்து மீற்றர்தான் வேணும். தண்ணி புகாது எண்டு சொல்லி வேற ஒரு கடைக்காரர் வித்த பெட்டியும் வாங்கினனான், இரண்டாம் கிழமையே மூடி விளிம்பால மா மாதிரி மணல் உள்ள போயிட்டுது. பெட்டி வாங்கேக்க றப்பர் வளையத்தை விரலால அமத்திப் பாத்து வாங்குங்கோ.

5க்கு 4 குடுப்பன். அடுத்தது சுண்டிக்குளம். 2015இல இருந்து அது தேசியப் பூங்கா, சும்மா போய்த் தடி நட ஏலாது, வனஜீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன். பூநாரை வாறதுக்கு முதல் கிடைச்சா, அதுகள் இல்லாத அமைதியையும் ஒருக்கா எடுத்து வைக்கலாம்.