"5 ஆம்பியர்" கன்வெர்ட்டரும் "18 கேஜ்" வயரும்: ரோபோவுக்கு எல்இடி வாங்குவோர் கவனத்துக்கு

எஃப்ஆர்சி என்ற பள்ளி மாணவர் போட்டிக்கான ரோபோவில் எல்இடி ஸ்ட்ரிப் பொருத்தப் போகிறவர்கள், வந்த பொருளை மேசையில் சோதிக்காமல் ரோபோவில் மாட்டாதீர்கள். ஒரே ஆன்லைன் விற்பனையாளரிடம் மூன்று பொருள் வாங்கினோம்: மீட்டருக்கு 60 விளக்கு கொண்ட 5 வோல்ட் டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் டேட்டா சிக்னலால் தனித்தனியே மாற்றும் வகை), பேட்டரியின் 12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் "5 ஆம்பியர்" பக் கன்வெர்ட்டர், "18 கேஜ் செம்பு" என்று போட்ட சிவப்பு, கறுப்பு வயர் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லியதாகும்). கன்வெர்ட்டரும் வயரும் அப்பட்டமான ஏமாற்று. ஸ்ட்ரிப்பிலும் குறை உண்டு, ஆனால் அது சரிசெய்யக்கூடியது.

முதலில் கணக்கு. இந்த வகை விளக்கு ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 2 மீட்டரில் 120 விளக்கு, ஆக 7.2 ஆம்பியர். ரோபோவில் முழு வெள்ளை யாருக்கும் தேவையில்லை. ஒரே நிறம் மட்டும் எரிந்தால் விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.4. வெள்ளையை மூன்றில் ஒரு பங்கு பிரகாசத்துக்கு புரோகிராமிலேயே கட்டிப்போட்டாலும் அதே அளவுதான். அதனால் உண்மையான 5 ஆம்பியர் கன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கியிருக்க வேண்டும்.

வந்த போர்டில் இருந்த சிப்பின் மேல் எல்எம்2596 என்று அச்சு. அந்தச் சிப்பின் வரையறையே 3 ஆம்பியர்தான். 5 என்று விற்றது முதல் பொய். அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) பார்த்தால் அது சுமார் 50 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. உண்மையான எல்எம்2596 ஓடுவது 150 கிலோஹெர்ட்ஸில். ஆக அந்த அச்சும் பொய். 50 கிலோஹெர்ட்ஸ் போலிகள் சந்தையில் ஏராளம். வேகம் குறைந்தால், 150-க்கென்று வைத்த சின்னக் காயிலும் கெப்பாசிட்டரும் போதாமல் போகும். சூடு ஏறும், வெளியீட்டில் சிற்றலை கூடும்.

அலைக்காட்டி இல்லாதவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். 2 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஹீட்சிங்கில் திருகி, கன்வெர்ட்டரின் வெளியீட்டில் இணையுங்கள். 5 வோல்ட்டில் அது 2.5 ஆம்பியர் இழுக்கும். உள்ளே 12 வோல்ட் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரில் வெளியீட்டைப் பாருங்கள். எங்களுக்கு வந்தது ஐந்தாவது நிமிடத்திலேயே 4.4 வோல்ட்டுக்கு இறங்கியது. சூட்டில் சிப்பில் விரல் வைக்க முடியவில்லை. அடுத்து உள்ளீட்டை 9, 8, 7 வோல்ட் என்று படிப்படியாகக் குறைத்து, வெளியீடு 5-இல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஓட்ட மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 7, 8 வரை சரிவது சாதாரணம். நிறுத்தி வைத்த ரோபோவில் அழகாக எரியும் ஸ்ட்ரிப், வேகமெடுத்ததும் மினுக்குவது அதனால்தான்.

புகார் செய்தபோது விற்பனையாளர் சொன்ன பதில்: "உங்க புரோகிராம்லதான் தப்பு." இந்தப் பதில் உங்களுக்கும் வரும், ஆகவே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மங்கலான ஒரே சிவப்பை மட்டும் அனுப்புங்கள். புரோகிராம் தவறானால் மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிழை ஒரே மாதிரி வரும். மின்சாரம் போதாவிட்டால், மோட்டார் இழுக்கும்போது மட்டும் வரும். டேட்டா சிக்னலில் கோளாறு என்றால், கண்ட கண்ட நிறங்கள் ஸ்ட்ரிப்பின் தொடக்கத்திலிருந்தே தெறிக்கும்.

பிறகு "அதைவிடப் பெரியது" என்று எக்ஸ்எல்4015 சிப் உள்ள போர்டை மாற்றாகத் தர முன்வந்தார்கள். வாங்காதீர்கள். அந்தச் சிப்புக்குக் குறைந்தது 8 வோல்ட் உள்ளீடு வேண்டும். வேறு வேலைக்கு நல்ல சிப்தான். சரியும் பேட்டரியோடு ஒத்துவராது. உள்ளீடு 6 வோல்ட்டுக்கு வந்தாலும் 5-ஐ விடாத பக்-பூஸ்ட் (வோல்ட்டைக் குறைக்கவும் கூட்டவும் வல்ல) வகைதான் இங்கே பொருத்தம்.

அவர்கள் சொன்ன இன்னொரு யோசனை இதைவிட ஆபத்து: ரோபோவைக் கட்டுப்படுத்தும் ரோபோரியோ கணினியின் 6 வோல்ட் சர்வோ பின்னிலிருந்தே ஸ்ட்ரிப்பை எரியவிடச் சொன்னார்கள். டபிள்யூஎஸ்2812பி தாங்குவது 5.3 வோல்ட் வரைதான். அந்த 6 வோல்ட் வழியும் எல்லாப் பிடபிள்யூஎம் போர்ட்டுக்கும் (சர்வோ, மோட்டார் சிக்னல் வரும் இடங்கள்) சேர்த்து 2.2 ஆம்பியர்தான் தரும். போர்ட்டிலிருந்து சிக்னலும் கிரவுண்டும் மட்டும் எடுங்கள், 6 வோல்ட் வரும் நடுப் பின்னைத் தொடாதீர்கள். கன்வெர்ட்டரின் கிரவுண்டும் ஸ்ட்ரிப்பின் கிரவுண்டும் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

வயர் விஷயம் இன்னும் மோசம். உறை தடிமன், உள்ளே செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். (வெள்ளீயம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளைதான், அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு.) அளந்தும் உறுதி செய்யலாம்: 18 கேஜ் செம்பின் தடை மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம். 2 மீட்டரில் 2.5 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் இழப்பு வரவேண்டும். இதில் 0.25 வந்தது, கிட்டத்தட்ட 22 கேஜ் செம்பின் அளவு. எஃப்ஆர்சி விதிப்படி மின்வழி வயர் செம்பாக இருக்க வேண்டும். 20 ஆம்பியர் பிரேக்கர் உள்ள வழிக்கு 18 கேஜைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. விளக்குக்காகப் போட்ட வயர், போட்டிப் பரிசோதனையில் ரோபோவையே நிறுத்திவிடும். நல்ல வயர் கிடைத்தாலும் கன்வெர்ட்டரை ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். நீளமாக ஓடுவது 12 வோல்ட் வயராக இருக்கட்டும்.

ஸ்ட்ரிப் அரை அரை மீட்டர்த் துண்டுகளைச் சால்டர் செய்து சேர்த்தது. அது எல்லா ஸ்ட்ரிப்பிலும் உள்ளதுதான், ஏமாற்றில்லை. ஆனால் இணைப்புகள் பலவீனமாக இருந்தன. ரோபோ முட்டி மோதும்போது விடும். ஒவ்வொன்றையும் மறுபடி சால்டர் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள். செம்புத் தடம் மெல்லியதாக இருந்ததால் கடைசி விளக்குகள் வெள்ளைக்குப் பதில் செம்மஞ்சளாக எரிந்தன: வோல்ட் குறைந்தால் நீலமும் பச்சையும் முதலில் மங்கும். இரு முனையிலும் 5 வோல்ட் கொடுத்தால் சரியாகும். தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா வழியில் 330 ஓம் ரெசிஸ்டர், சிக்னல் 3.3 வோல்ட் என்றால் இடையில் அதை 5-க்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சிப் போடுங்கள்.

ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: சிப்பின் எண் என்ன, குறைந்தபட்ச உள்ளீடு எத்தனை வோல்ட். இந்த விற்பனையாளர் இரண்டுக்கும் இதுவரை பதில் தரவில்லை. பணமும் திரும்பவில்லை. அதே படமும் அதே "5 ஆம்பியர்" வாசகமும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.